ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டில் இரண்டு நாள்: பார்க்க ஏதாவது இருக்கிறதா?

வழிப்போக்கன் | 4 ஜூலை 2025, மாலை 6:10

தங்கைக்கு இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த மாதம் போகிறேன். கையில் இரண்டு நாள். இணையத்தில் தேடினால் பூட்டிய தொழிற்சாலையும் உடைந்த ஜன்னலும்தான் வருகின்றன. அலுவலகத்தில் ஒருவர், "அது செத்த ஊர், பேசாமல் ரயிலேறி மான்செஸ்டர் போய்விடு" என்கிறார். உண்மையா? அம்மா சுத்த சைவம். முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

சூளைமேட்டுக்காரி | 4 ஜூலை, இரவு 9:35

செத்த ஊர் இல்லை. மான்செஸ்டரை இன்னொரு முறை பார்க்கலாம். இங்கே இரண்டு நாளும் இருங்கள்.

14 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அதில் 6 வருடம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சரக்குத் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஓர் ஊர் இல்லை, ஆறு ஊர். வடக்கிலிருந்து தெற்காக டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். 1910-இல் ஆறையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1925-இல் நகர அந்தஸ்து கிடைத்தது, 2025 அதன் நூறாவது வருடம். ஆறுக்கும் தனித்தனியாக ஒரு கடைவீதி, ஒரு பழைய நகர மண்டபம், ஒரு ரோஷம். லாங்டன்காரரைப் பர்ஸ்லம்காரர் என்று சொல்லிவிட்டால் முகம் மாறிவிடும்.

ரயில் நிலையம் ஸ்டோக்கில். நகர மையம் ஹான்லியில். நடுவே கிட்டத்தட்ட 2 மைல், ஏற்றம். இது தெரியாமல் வந்த முதல் நாள் நவம்பர் மழையில் இரண்டு பெட்டியையும் ஆறு வயது மகளையும் இழுத்துக்கொண்டு ஸ்டோக் கடைவீதியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், இதுவா நகர மையம், கடை எல்லாம் எங்கே என்று. பேருந்து நிறுத்தத்தில் இருந்த ஒரு பாட்டிதான் "நீ போக வேண்டியது ஹான்லி, டக்" என்று சொல்லி, பேருந்து வரும்வரை தன் குடைக்குள் மகளை நிறுத்திக்கொண்டார். டக் என்றால் வாத்துதான். ஆனால் இங்கே ஆணோ பெண்ணோ, சின்னவரோ பெரியவரோ, எல்லோருக்கும் அதுதான் விளி. நம் ஊரில் "கண்ணு" என்கிற மாதிரி. அம்மாவையும் டக் என்றுதான் கூப்பிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சூளைமேட்டுக்காரி | 4 ஜூலை, இரவு 10:02

சேர்த்துக்கொள்ளுங்கள்: ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே ஒரு சிலை. நின்று பாருங்கள். ஜோசையா வெட்ஜ்வுட். 1863-இல் வைத்தது. ஊர் வாசலில் ராஜாவையோ தளபதியையோ வைக்காமல் ஒரு குயவரை வைத்திருக்கிறார்கள். கையில் வாள் இல்லை, ஒரு ஜாடி. பண்டைய ரோமானியக் கண்ணாடி ஜாடி ஒன்றைப் பார்த்துப் பல வருடம் பாடுபட்டு 1790 வாக்கில் மண்ணில் அதே மாதிரி செய்து முடித்தார், அந்த ஜாடிதான். சிலையைச் செய்தவர் ஜாடியை எவ்வளவு பக்குவமாகப் பிடிக்க வைத்திருக்கிறார் பாருங்கள். பிடிக்கிற விதத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும்.

சூளைமேட்டுக்காரி | 5 ஜூலை, காலை 11:20

நீங்கள் வருவது என்று? சனி, ஞாயிறு என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். வேலை நாளில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கட்டடங்களைப் பார்க்கலாம், வேலை செய்கிற கைகளைப் பார்க்க முடியாது. இந்த ஊருக்கு வந்து கைகளைப் பார்க்காமல் போவது கோயிலுக்குப் போய் நடை சாத்தியிருக்க, கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி.

முதல் நாள் லாங்டன், கிளாட்ஸ்டன் பாட்டரி மியூசியம். திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கல் பாவிய முற்றம், அதைச் சுற்றிப் பாட்டில் சூளைகள். வெளியே தெரிகிற அந்தப் பெரிய பாட்டில் உண்மையில் சூளை இல்லை, சூளைக்கு மேல் கவிழ்த்த புகைபோக்கி, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கிற மறைப்பு. சூளை உள்ளே இருக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவே வட்டமாக நடந்து போகலாம். தீ போடுகிற வாய்கள் அங்கேதான். அம்மாவால் அந்தத் தூரம் நடக்க முடியும்.

ஒரு காலத்தில் இந்த ஆறு ஊரிலும் 2,000-க்கு மேல் பாட்டில்கள் நின்றன. இன்று 47. அத்தனையும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. ஒன்று போல் இன்னொன்று இல்லை. சில குண்டு, சில ஒல்லி, சில தோள் சரிந்தவை. சில வீட்டுக் குடியிருப்புக்கு நடுவே நிற்கின்றன. எங்கள் பேருந்து வழியில் மூன்று வரும், மகள் சின்ன வயதில் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

சூளைக்குள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். சாகர் என்று ஒன்று சொல்வார்கள். தீக்களிமண்ணில் செய்த கனமான பெட்டி. கோப்பையும் தட்டும் நேரடியாகத் தீயிலும் புகையிலும் பட்டால் கெட்டுப் போகும் என்று அவற்றை இந்தப் பெட்டிக்குள் அடுக்கி, பெட்டியின் மேல் பெட்டியாகச் சூளைக் கூரை வரை ஏற்றுவார்கள். ஒரு சூளைக்கு இரண்டாயிரம் பெட்டி வரை. நிறைந்த பெட்டி 25 கிலோ போல இருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏற வேண்டும். தலையில் எப்படி? பழைய காலுறையைச் சுருட்டி வளையமாக்கித் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்கள். சும்மாடு! கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் தெருவில் செங்கல் தூக்கிய சித்தாள்கள் தலையில் இருந்த அதே வளையம். ஐயாயிரம் மைல் தள்ளி, பாரம் ஒன்று, உபாயமும் ஒன்று.

அந்தச் சாகருக்கு அடித்தட்டு தட்ட ஒரு பையன் இருப்பான். இரும்பு வளையத்துக்குள் களிமண்ணைப் போட்டு மரக்கட்டையால் ஓங்கி ஓங்கி அடித்துச் சமமாக்குவான். அந்த வேலைக்குப் பதவிப் பெயரே "சாகர் செய்பவரின் அடித்தட்டு தட்டுபவர்." கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அடித்தட்டு சரியாக இல்லை என்றால் மேலே இருக்கிற அடுக்கே சரிந்துவிடும்.

சூளைமேட்டுக்காரி | 5 ஜூலை, மதியம் 1:15

நிரப்பி முடித்ததும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் தீ. தீக்காரர் தூங்கக் கூடாது. வெப்பம் எட்டிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், உள்ளே வைத்த மண் வளையங்களைக் கம்பியால் எடுத்து அளந்தும் பார்ப்பார்கள். பிசகினால் பல வாரத்து உழைப்பு, பல குடும்பத்துக் கூலி, எல்லாம் சாம்பல். 1956-இன் தூய காற்றுச் சட்டத்தோடு நிலக்கரிச் சூளைகளுக்கு முடிவு வந்தது. பிறகு எரிவாயு, மின்சாரம். 1978-இல், அந்த வித்தை தெரிந்தவர்கள் போய்ச் சேருவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஓய்வுபெற்ற தீக்காரர்களைக் கூட்டி கிளாட்ஸ்டனில் கடைசியாக ஒரு முறை தீ போட்டார்கள்.

சூளைமேட்டுக்காரி | 5 ஜூலை, மாலை 4:50

மேலே எழுதியதில் பிழை. கடைசித் தீ கிளாட்ஸ்டன் சூளையில் இல்லை. ஏற்பாடு செய்தது மியூசியம், ஆனால் தீ போட்டது லாங்டனிலேயே இருந்த ஹட்சன் அண்ட் மிடில்டன் தொழிற்சாலைச் சூளையில். ஆகஸ்ட் 1978.

சூளைமேட்டுக்காரி | 6 ஜூலை, காலை 8:30

வழிப்போக்கன் தம்பி தனிச்செய்தியில் கேட்டதற்குப் பதிலை இங்கேயே எழுதுகிறேன், எல்லோருக்கும் பயன்படும். "போன் சைனா என்கிற பீங்கானில் உண்மையிலேயே எலும்பா? அம்மாவுக்குத் தெரிந்தால் டீ குடிக்க மாட்டார்களே."

உண்மையிலேயே எலும்புதான். மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி அரைத்துச் சேர்ப்பது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பல், மீதி கார்ன்வால் பக்கத்து வெள்ளைக் களிமண்ணும் ஒரு வகைக் கல்லும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைச் செம்மைப்படுத்தியவர் ஸ்டோக்கில் இருந்த ஜோசையா ஸ்போட். அந்த வெண்மையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரிகிற மென்மையும் அந்தச் சாம்பலால் வருவது. ஹான்லியை ஒட்டிய எட்ரூரியாவில் கால்வாய் ஓரம் 1857-இல் கட்டிய எலும்பு ஆலை இன்னும் நிற்கிறது, நீராவி எந்திரத்தோடு.

என் மாமியார் இங்கே வந்தபோது வீட்டில் இருந்த கோப்பை எல்லாம் தொழிற்சாலையில் தள்ளுபடியில் எடுத்தவை. விஷயம் தெரிந்த மறு நிமிடம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூன்று மாதமும் எவர்சில்வர் தம்ளரில்தான் குடித்தார். நான் அப்போது கோபப்பட்டேன். என் கையால் தட்டிப் பார்த்துத் தேர்ந்த கோப்பை அது, அதைத் தொட மாட்டேன் என்கிறாரே என்று. இப்போது யோசித்தால் அவர் செய்ததில் தப்பு இல்லை. நான்தான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் மறைக்காதீர்கள். வழி இருக்கிறது. இந்த ஊரில் செய்வது எல்லாம் போன் சைனா இல்லை. எர்த்தன்வேர் என்று ஒன்று, எலும்பு சேராத மண் பாண்டம், தடிமனாக, கொஞ்சம் பழுப்பு வெள்ளையாக இருக்கும். மிடில்போர்ட்டில் செய்கிற பர்லி, ஹான்லியில் செய்கிற எம்மா பிரிட்ஜ்வாட்டர் இரண்டும் அந்த வகை. அதில் டீயும் நன்றாகத்தான் இருக்கும்.

சூளைமேட்டுக்காரி | 6 ஜூலை, இரவு 9:10

எலும்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நுரையீரலைப் பற்றி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. கீழே ஒருவர் "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுதியிருக்கிறார்.

பொற்காலம் இல்லை. வெண்மைக்காகச் சேர்த்த சிக்கிமுக்கிக் கல் தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிடும். அதற்குக் குயவர் அழுகல் என்றே இங்கே பெயர் இருந்தது. மெருகில் ஈயம். தட்டைக் கையாலேயே ஈய மெருகில் முக்கி எடுத்தவர்களில் பெண்கள் நிறைய, அவர்களுக்குக் கருச்சிதைவு, மணிக்கட்டு செயலிழந்து தொங்கிப் போவது, பார்வை போவது. பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டிய புகை. துவைத்த துணி உலர்வதற்குள் கறுத்துவிடும் என்று என் பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்வார். அவரும் ஐம்பது வருடம் களிமண்ணில் நின்றவர். இரவில் அவர் இருமுவது சுவர் தாண்டிக் கேட்கும்.

அதே தாத்தாவிடம் "திரும்பவும் அதே வேலைக்குப் போவீர்களா" என்று கேட்டேன். "நாளைக்கே" என்றார். இரண்டையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

சூளைமேட்டுக்காரி | 8 ஜூலை, இரவு 10:45

இரண்டாம் நாள்: மிடில்போர்ட். பர்ஸ்லம் பக்கம், கால்வாய் ஓரம். 1889-இல் கட்டிய தொழிற்சாலை, இன்னும் வேலை நடக்கிறது. 2011-இல் மூடும் நிலைக்கு வந்தபோது ஓர் அறக்கட்டளை வாங்கிப் பழுது பார்த்து 2014-இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். ஏழு சூளை இருந்த இடத்தில் இப்போது ஒன்று.

அங்கே தாள் அச்சு போடுகிற பகுதியில் நிற்க விடுவார்கள் என்றால் அரை மணி நேரம் நில்லுங்கள். பூ வேலை செதுக்கிய செப்பு உருளை, சூடாக்கிய நீல மை, மெல்லிய தாள். உருளைக்கு அடியிலிருந்து தாள் நீலப் பூவோடு ஈரமாக வரும். ஒரு பெண் அதைக் கத்தரியால் வெட்டுவார். கோடு போட்டுக்கொள்வதில்லை, அளவு பார்ப்பதில்லை. ஒருமுறை சுட்ட, மெருகு போடாத கோப்பை இருக்கிறதே, அது ஈரத்தை உறிஞ்சும். தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஒரே வீச்சில் வைத்தாக வேண்டும். வளைந்த கோப்பையைச் சுற்றித் தாள் போய் முடிகிற இடத்தில் இலையின் நுனி இலையோடு சேர வேண்டும், கைப்பிடிக்குக் கீழே வேறு ஒரு துண்டு. பிறகு மென்சோப்பு தொட்ட முரட்டுத் தூரிகையால் தேய் தேய் என்று தேய்ப்பார். கோப்பையே உடைந்துவிடுமோ என்று நமக்குப் பயமாக இருக்கும். அப்புறம் தண்ணீரில் போட்டால் தாள் கழன்று போய்விடும், பூ மட்டும் கோப்பையில் நிற்கும்.

வீட்டுக்கு வந்து உங்கள் பர்லி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்கேயோ ஓர் இடத்தில் பூ பூவோடு மயிரிழை விலகிச் சேர்ந்திருக்கும். தரம் பிரிக்கிற மேசையில் இருந்தபோது அதைக் குறை என்று ஒதுக்கக் கற்றுத்தந்தார்கள். இப்போது நான் கோப்பை வாங்கினால் முதலில் தேடுவதே அந்த இடத்தைத்தான்.

சூளைமேட்டுக்காரி | 9 ஜூலை, காலை 7:15

மிடில்போர்ட்டுக்கு வெளியே ஓடுகிற கால்வாய்தான் டிரெண்ட் அண்ட் மெர்சி. 1766-இல் இதே பக்கத்தில் முதல் மண்ணை வெட்டியவர் வெட்ஜ்வுட். வேலை முடிந்தது 1777-இல். அதற்கு முன் பாண்டங்களைக் குதிரை முதுகில் ஏற்றி மேடு பள்ளமான பாதையில் அனுப்பினார்கள், போய்ச் சேரும்போது பாதி ஓடு. வெள்ளைக் களிமண் கார்ன்வாலில் இருந்து வர வேண்டும், சிக்கிமுக்கிக் கல் தென்கரையில் இருந்து வர வேண்டும். அப்படியென்றால் தொழிலே ஏன் இங்கே என்று கேட்டால், நிலக்கரி. மண்ணைவிடக் கரி பல மடங்கு வேண்டும். கரியை மண்ணிடம் கொண்டுபோவதைவிட மண்ணைக் கரியிடம் கொண்டுவருவது லாபம்.

கரையோரம் நடக்கும்போது குனிந்து பாருங்கள். மண்ணுக்குள் நீலமும் வெள்ளையுமாகச் சில்லுகள் தெரியும். உடைந்த சரக்கைக் கொட்டிக் கொட்டி மேடாக்கிய ஊர் இது. மகள் ஒரு ஜாடி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு சில்லில் அரைப் பறவை, இன்னொன்றில் ஏதோ எழுத்தின் வால்.

சூளைமேட்டுக்காரி | 9 ஜூலை, மாலை 5:40

"எட்ரூரியாவில் வெட்ஜ்வுட் தொழிற்சாலை பார்க்கலாமா" என்று கேட்டவருக்கு: இல்லை. 1769-இல் அங்கே திறந்த தொழிற்சாலை 1940 வாக்கில் ஊருக்குத் தெற்கே பார்லஸ்டனுக்குப் போய்விட்டது. பழைய தொழிற்சாலையில் ஒரு வட்டக் கட்டடம் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பார்லஸ்டனில் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மாவுக்கு நடை குறைவு, உட்கார இடம் நிறைய, அதனால் அதையும் யோசிக்கலாம். அடிமை வணிகத்துக்கு எதிராக 1787-இல் வெட்ஜ்வுட் செய்து இலவசமாகவே விநியோகித்த சின்னப் பதக்கம் இருக்கிறது, விலங்கிட்ட கையோடு மண்டியிட்ட மனிதன். உள்ளங்கைக்குள் அடங்கும். அந்தக் காலத்தில் பெண்கள் கூந்தல் ஊசியிலும் வளையலிலும் பதித்து அணிந்தார்கள். பெரிய பெரிய ஜாடிகளை விட்டுவிட்டு நான் அதன் முன்னால்தான் நிற்பேன்.

சூளைமேட்டுக்காரி | 10 ஜூலை, இரவு 8:20

சாப்பாட்டுக் கேள்வி. ஓட்கேக்! பெயரைக் கேட்டு கேக் என்று நினைக்காதீர்கள். தோசை. ஓட்ஸ் மாவு, கோதுமை மாவு, ஈஸ்ட், தண்ணீர். கரைத்துப் புளிக்க வைத்துச் சூடான தகட்டில் வட்டமாக ஊற்றுவார்கள். மேலே கண் கண்ணாகத் துளை விழும், அப்போது திருப்ப வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் கரண்டி போகிற விதம் வரை தோசைதான். ஓரம் மட்டும் முறுகாது, மெத்தென்று இருக்கும். உள்ளே சீஸ் வைத்து உருட்டித் தருவார்கள். பன்றி இறைச்சியும் வைப்பார்கள், அதனால் வெறும் சீஸ், காளான் என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஒரே தகட்டில் போடுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் விளையாட்டாக இதைப் பாட்டரீஸ் அப்பளம் என்பார்கள், பாட்டரீஸ் என்பது இந்த ஆறு ஊருக்கும் சேர்த்துப் பெயர்.

இந்தியாவில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் நம் ரொட்டி மாதிரி செய்யப் பார்த்து இது வந்தது.

ஹான்லியில் ஒரு வீட்டு முன்னறை ஜன்னல் வழியாகவே ஓட்கேக் விற்ற கடை இருந்தது, அந்த மாதிரிக் கடைகளில் கடைசி. 2012-இல் மூடிவிட்டார்கள். நான் வந்த புதிதில் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே நடைபாதையில் வரிசை. கையில் தருவது சூடான காகிதப் பொட்டலம். நம் ஊர்த் தெருமுனை இட்லிக் கடையில் நிற்கிற அதே காலை.

சூளைமேட்டுக்காரி | 11 ஜூலை, காலை 9:00

நேற்று எழுதிய சிப்பாய்க் கதையை எடுத்துவிடுங்கள். எங்கள் தொழிற்சாலை இடைவேளையில் எல்லோரும் சொல்வார்கள், நானும் ஆசையாக நம்பினேன். ஆனால் கோதுமை சரியாக விளையாத குளிர்ந்த மேட்டு நிலம் இது, ஓட்ஸ்தான் விளையும், அதைத் தகட்டில் சுட்டுச் சாப்பிடுவது இங்கிலாந்தின் வடக்கில் வெகு காலப் பழக்கம். நம்மிடம் இருந்து போனது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

உண்மையான இந்தியத் தொடர்பு வேறு இருக்கிறது, இரண்டு. ஒன்று, ஸ்போட் 1815 வாக்கில் செய்த நீலத் தட்டு வரிசை. வங்காளத்தில் இருந்த ஒரு படை அதிகாரியின் வேட்டைப் புத்தகத்துப் படங்களை எடுத்து, தட்டுக்கு ஒரு காட்சியாக அச்சிட்டார்கள். யானை மேல் துப்பாக்கிக்காரர்கள், புலி, பன்றி வேட்டை. அதன் மேல் வறுத்த இறைச்சியை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நம் நாடு எப்படி இங்கே சாப்பாட்டு மேசைக்கு வந்தது என்று அந்தத் தட்டைப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது, பர்ஸ்லத்தில் வெட்ஜ்வுட் இன்ஸ்டிட்யூட் என்ற செங்கல் கட்டடம். முகப்பு முழுக்கச் சுடுமண் சிற்பம்: பன்னிரண்டு மாதங்கள், குயவுத் தொழிலின் ஒவ்வொரு கட்டம். அதை வடிவமைத்ததில் ஒருவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். 1865-இல் பம்பாய் கலைப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அவரும் மனைவியும் பக்கத்து ரட்யார்ட் ஏரியில் சந்தித்தவர்கள், பையனுக்கு அந்த ஏரியின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பையனை, 'ஜங்கிள் புக்' எழுதிய ரட்யார்ட் கிப்ளிங்கை, எல்லோருக்கும் தெரியும். அப்பா செய்த சுவரைப் பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.

பர்ஸ்லம் போகும்போது ஒன்று. பலகை அடித்த கடைகள் நிறைய. ஆறு ஊருக்கும் தாய் என்று பெயர் பெற்ற ஊர் இப்படி இருப்பது எனக்கு வலிக்கும். அம்மா "ஏன் இப்படி" என்று கேட்பார். கேட்கட்டும்.

சூளைமேட்டுக்காரி | 11 ஜூலை, மதியம் 12:30

ஹான்லி அருங்காட்சியகத்தை மறந்துவிட்டேன். ஒரு மதியம் போதும். 2009-இல் வயலில் கிடைத்த ஆங்கிலோ-சாக்ஸன் புதையலில் ஒரு பங்கு அங்கே, மொத்தம் சுமார் 4,600 துண்டு, தங்கம் மட்டும் ஏறக்குறைய 4 கிலோ. வாள் பிடியில் பதித்த செம்மணி வேலையைப் பார்த்தால் நம் ஆசாரிகள் நினைவு வரும். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றும் உண்டு, அதை வடிவமைத்த ரெஜினால்ட் மிட்செல் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். விமானத்தைப் பையன்கள் பார்க்கட்டும். அம்மாவை ஆந்தையிடம் கூட்டிப் போங்கள். 17-ஆம் நூற்றாண்டு மண் ஜாடி, தலையைக் கழற்றினால் கோப்பை. ஒரு வீட்டில் பூ வைக்கும் ஜாடியாக இருந்தது, 1990-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எடுத்து வந்த பிறகுதான் அருமை தெரிந்தது.

சூளைமேட்டுக்காரி | 13 ஜூலை, இரவு 11:50

"தொழில் எல்லாம் போய்விட்டதே, பிறகு என்ன பாரம்பரியம், இதெல்லாம் சுற்றுலாவுக்குப் போட்ட வேஷம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

நான் வேலை பார்த்த இடம் ஒரு திங்கட்கிழமை காலை மூடியது. கேட் பூட்டியிருந்தது, மேற்பார்வையாளர் வெளியே நின்று பெயர் வாசித்தார். தொழிற்சாலையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என் மேசையில் வெள்ளிக்கிழமை பாதியில் விட்ட தட்டு அடுக்கு இருந்தது. அந்த வேலை என்ன என்று கேட்டால், தட்டை இடது கை விரல் நுனியில் தூக்கி, வலது கையால் ஓரத்தைச் சுண்ட வேண்டும். சந்தையில் பானை வாங்கும்போது நம் பாட்டிகள் செய்வது. கணீர் என்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். முதல் மாதம் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. எனக்குக் கற்றுத்தந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேள் என்பார். நாலாவது மாதம் கேட்டது. இன்றைக்கும் உணவகத்தில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே காது திரும்பும்.

இந்த 2025-ஐயே பாருங்கள். பிப்ரவரியில் பர்ஸ்லத்தில் ராயல் ஸ்டாஃபோர்ட் தொழிற்சாலை போயிற்று. ஏப்ரல் கடைசியில் மூர்கிராஃப்ட். கண்ணாடி நாளம் வழியே மண்குழம்பைப் பிழிந்து கோடு இழைத்துப் பூ வரைகிற, நூறு வருடத்துக்கு மேலான கைவேலை. சூளைக்கு எரிவாயுச் செலவு தாங்க முடியவில்லை. சில வாரத்தில் நிறுவனரின் பேரனே வாங்கித் திரும்பத் திறக்க முன்வந்தார். அந்தச் செய்தி வந்த நாள் பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொண்டார்கள். வேஷமாக இருந்தால் யாராவது அப்படிப் பேசுவார்களா? சர்ச்சில், ஸ்டீலைட் என்ற இரண்டு பாண்ட நிறுவனங்களும் உலகம் முழுக்க ஹோட்டல்களுக்கு இன்னும் இங்கிருந்துதான் அனுப்புகின்றன. போனது நிறைய. எல்லாம் போகவில்லை.

சூளைமேட்டுக்காரி | 14 ஜூலை, காலை 6:40

ராத்திரி கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், ஆனால் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

இந்த ஊர்க்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு வழி சொல்கிறேன். உலகத்தில் எந்த ஊரில் விருந்துக்கு உட்கார்ந்தாலும் சாப்பாடு வருவதற்குள் தட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருக்கிற முத்திரையைப் பார்ப்பார். அதற்குத் திருப்புவோர் சங்கம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். என் மகள் சென்னையில் சித்தப்பா கல்யாண வரவேற்பில் இதைச் செய்து மாமா திட்டினார். அடியில் ஸ்டோக் பெயர் இருந்தது. நாலு மேசை தாண்டி இருந்த எனக்குத் தூக்கிக் காட்டினாள்.

சூளைமேட்டுக்காரி | 20 ஜூலை, மாலை 7:05

போய் வந்துவிட்டார்கள்! வழிப்போக்கன் தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். அம்மா மிடில்போர்ட்டில் கத்தரிக்காரப் பெண்ணின் பக்கத்தில் ஒன்றே கால் மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். ஒருவருக்கு ஒருவர் மொழி தெரியாது. கிளம்பும்போது அந்தப் பெண், அச்சு வீணான தாள் துண்டு ஒன்றை அம்மா கையில் கொடுத்தாராம், அது கைப்பைக்குள் கந்தர் சஷ்டி கவசப் புத்தகத்தில் இருக்கிறதாம். கிளாட்ஸ்டன் போக முடியவில்லை, கால் ஒத்துழைக்கவில்லை. பரவாயில்லை, தங்கை இங்கேதானே இருக்கப் போகிறாள்.

சூளைமேட்டுக்காரி | 22 ஜூலை, இரவு 9:30

"அம்மா ஆறு பர்லி கோப்பை வாங்கியிருக்கிறார், ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது" என்ற கேள்விக்கு. கடைசிப் பத்து மாதம் நான் பொதி கட்டும் பகுதியிலும் இருந்தேன், அதனால் சொன்னபடி செய்யுங்கள். முதலில் ஒவ்வொரு கோப்பையையும் சுண்டிப் பாருங்கள், இப்போதே விரிசல் இருந்தால் கடையில் மாற்றித் தருவார்கள். எர்த்தன்வேர் என்பதால் போன் சைனா மாதிரி நீளக் கணீர் வராது, குட்டையாக வரும், பயப்படாதீர்கள். உள்ளே காலுறையைத் திணியுங்கள். வெளியே செய்தித்தாள் இரண்டு சுற்று, கைப்பிடிக்குத் தனியாக ஒரு திரி சுற்றி. ஒன்றுக்குள் ஒன்று அடுக்காதீர்கள். படுக்க வைக்காதீர்கள், கவிழ்த்து நிறுத்துங்கள், வாய்தான் தாங்கும். இரண்டு கோப்பைக்கு நடுவே ஒரு புடவை மடிப்பு. கையோடு எடுத்துப் போகிற பையில் வையுங்கள். கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும், ஒன்றோடு ஒன்று முட்டாமல்.